பலகையோடு பெண் பார்க்கப் போனவன்

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிருங்கண்ணே, முட்டில இடிச்சுரும். கட்டில் பலகை இல்ல, கூலிப் பலகை. கண்டக்டரு லக்கேஜ் போடணும்னு வந்து நின்னாரு. இது அரசாங்கச் சாமான்னு சொன்னேன், பேசாமப் போயிட்டாரு. பொய் ஒண்ணும் சொல்லல. எங்க மச்சான் காசுல செஞ்சது, ஆனா செய்யச் சொன்னது அரசாங்கம்.

நீங்க கமுதிக்கா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு. வந்துச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க. பேச ஆரம்பிச்சேன்னா எனக்கு ஊரு கண்ணுல படாது. பேரு வழிவிட்டான். சிரிக்காதீக, நம்ம பக்கம் சாமி பேரு. சட்டை புதுசுதான், அதான் கழுத்தை அறுக்குது. ஏன் புதுச் சட்டைன்னு அப்புறம் சொல்றேன்.

நம்ம பக்கம் ரோட்டோரமா நெடுகக் குழி வெட்டிக் கேபிள் பதிக்கிறாகள்ல, பாத்திருப்பீக. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து இன்டர்நெட்டு. அதுல ஒரு துண்டு எங்க மச்சான் எடுத்திருக்காக. மச்சான்னா எங்க அக்கா வீட்டுக்காரர், தவசிலிங்கம். சாயல்குடியில கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ளையும் சொல்லும். நேரா அரசாங்கத்துக்கிட்ட எடுக்கல. பெரிய கம்பெனி எடுத்து, அவன் ஒருத்தனுக்குக் குடுத்து, அவன் இன்னொருத்தனுக்குக் குடுத்து, அந்தாளு எங்க மச்சானுக்குக் குடுத்தது. ஒவ்வொருத்தரும் தொட்டு நக்கிட்டுத்தான் கீழ அனுப்புவாக. மச்சான் கைக்கு வரும்போது என்ன மிஞ்சும், சொல்லுங்க. இதை யாரும் நினைச்சுப் பாக்குறதில்ல. எனக்கு அதுதான் வருத்தம்.

நான்தான் அங்க சூப்பர்வைசர். குழி ஆழம் பாக்குறது, ஆளுகளை எழுப்பிக் கூட்டியாறது, டீ சொல்றது, ரோட்டுல போறவன் சண்டைக்கு வந்தா சமாதானம் பேசுறது, எல்லாம் நம்மதான். ஆளுக வடக்கத்தி ஆளுக, கள்ளக்குறிச்சிப் பக்கம். கடப்பாரை புடிச்சாகன்னா பாத்துக்கிட்டே இருக்கலாம், அவ்வளவு நேரா வரும் குழி.

இப்ப இந்தப் பலகை விசயத்துக்கு வாரேன். தனியார் கம்பெனிக் குழின்னா பேசுறதுதான் கூலி. உனக்கும் எனக்கும் ஒத்துக்கிட்டா வெட்டு, இல்லாட்டி போ. இது அரசாங்கக் காசு. அரசாங்கக் காசுல குழி வெட்டுனா அரசாங்கம் சொல்ற கூலியைக் குடுத்தே ஆகணுமாம். குழி என்னமோ அதே குழிதான். கடப்பாரையும் அதே கடப்பாரைதான். ஆனா சட்டம் அப்படி. அந்தக் கூலி என்னன்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி வேலை நடக்குற இடத்துல பலகை வைக்கணும். வச்சா மட்டும் பத்தாது. தினமும் காலைல அந்தப் பலகையோட ஆளுகளை நிக்க வச்சு போட்டோ எடுத்து மேல அனுப்பணும். போட்டோ போகலைன்னா பில்லு பாஸாகாது.

நான் பலகையைச் சீராச் செஞ்சேண்ணே. கமுதிப் பஜார்ல ஒரு பெயின்டரு இருக்காரு, முத்து முத்தா எழுதுவாரு. மஞ்சள்ல அடிச்சு, கறுப்புல எழுதி, சுத்தி சிவப்புல பார்டரு. மண்ணு வெட்டுறவருக்கு இவ்வளவு, கடப்பாரை ஆளுக்கு இவ்வளவு, கேபிள் இழுக்குறவருக்கு, இணைக்கிறவருக்குன்னு வரிசையா வரும். போட்டோ எடுத்ததும் சேலையைச் சுத்தி வண்டியில வச்சுருவேன். வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சா எழுத்து என்னத்துக்காகும்? இது எங்க அக்காவோட பழைய சேலைதான். கெட்டிச் சேலை.

குடுக்குறது அந்தக் கூலியான்னு கேக்குறீகளா? நல்லாக் கேட்டீக. பாதிக்குக் கொஞ்சம் மேல போகும். மோசம்னு சொல்ல முடியாது. டீ, வடை தனி. ஞாயித்துக்கிழமை கோழி.

ஆளுக ஒண்ணும் கேக்கல. ஏன்னா அவுகளுக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதுன்னு இல்ல, நாலைஞ்சு பேரு நல்லாவே படிப்பாக. போட்டோ எடுக்கும்போது பலகை கேமராவைப் பாத்து நிக்கும். ஆளுக பலகைக்குப் பின்னால நிப்பாக. பின்பக்கம் வெறும் தகரந்தானே. எடுத்து முடிச்சதும் நான் சேலையைச் சுத்திருவேன். மத்தபடி நாங்க ஒண்ணையும் மறைக்கல, தினமும் நடுரோட்டுல வச்சுத்தான் எடுத்தோம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஏழுமலைக்குக் கல்யாணப் பேச்சு வந்துச்சு பாருங்க, அங்க புடிச்சது சனி.

ஏழுமலை நல்ல பையன்தான், கடப்பாரை ஆளு. ஊர்ல அவனுக்குப் பொண்ணு பாத்திருக்காக. பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டிருக்காக. இவன் அரசாங்க இன்டர்நெட்டு வேலைன்னு சொல்லியிருக்கான். நம்பணுமே. எங்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சான். "அண்ணா, காலையில புடிக்கிறீங்களே போட்டோ, அதுல ஒண்ணு அனுப்புங்கண்ணா. நான் நல்லா விழுந்திருக்கிறதாப் பாத்து." நானும் தேடி எடுத்து அனுப்புனேன். எனக்குப் போட்டோ நல்லா வரும்ணே. வெளிச்சம் பாத்துத்தான் எடுப்பேன்.

அனுப்புனதுல என்ன தப்புங்கிறேன். அவன் போன்ல கண்ணாடி சிலந்தி வலை மாதிரி கீறிக் கிடக்கு, அவனுக்கு அவன் மூஞ்சியே பாதிதான் தெரியும். அப்படியே பொண்ணு வீட்டுக்குத் தள்ளி விட்டுட்டான். பொண்ணோட அப்பா சர்க்கரை ஆலையில கரும்பு எடை போடுற இடத்துல வேலை பாத்த மனுசன். எதையும் ரெண்டு தடவை பாக்குற கண்ணு. அவரு மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தாரோ என்னமோ, போட்டோவைப் பெருசு பண்ணிப் பலகையைப் படிச்சுப்புட்டாரு.

படிச்சவரு கோவப்பட்டாரா? அதுதான் இல்ல. சந்தோசப்பட்டிருக்காரு. ஏழுமலை தன்னோட கூலின்னு உள்ளதைச் சொல்லியிருக்கான். பலகையில அதைவிட எம்புட்டோ கூட. 'பையன் தங்கம், வாங்குறதைக் குறைச்சுச் சொல்றான் பாரு, தற்பெருமையே இல்ல'ன்னு வீடு பூராச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போயிட்டாராம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்னு, நேர்லயே பாத்துருவோம்னு கிளம்பி வந்துட்டாரு.

நாங்க அன்னைக்குப் பெருநாழி தாண்டி ஒரு டீக்கடை ஓரமா வெட்டிக்கிட்டு இருந்தோம். ராமுத்தாய் அக்கா கடை. இவரு வெள்ளை வேட்டியோட வந்து எறங்குறாரு, கையில சாத்துக்குடிப் பை. நேரா எங்கிட்ட வந்து போன்ல அந்தப் போட்டோவைக் காட்டுனாரு. "ஐயா, நீங்கதான் இங்க பெரியவருங்களா? இந்தப் பலகையில போட்டிருக்கிற கூலிதானுங்களே எங்க மாப்பிள்ளைக்கு?" அப்படின்னு கேட்டாரு.

மச்சான் எனக்கு மொதல்லயே சொல்லி வச்சிருந்தாக. வெளியாளு எவன் வந்து கூலி என்னன்னு கேட்டாலும் பலகையில உள்ளதைச் சொல்லு, தடுமாறாமச் சொல்லு. எவன் ஆபீசரு, எவன் பத்திரிகைக்காரன்னு மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு? அதுனால நான் பலகையை எடுத்து, சேலையை உருவி, டீக்கடை பெஞ்சு மேல சாத்தி வச்சு, ஒவ்வொரு வரியா வாசிச்சேன். எனக்குக் குரல் கொஞ்சம் எடுப்பா வரும். பள்ளிக்கூடத்துல உறுதிமொழி நான்தான் சொல்லுவேன். மேல இருந்து கீழ வரைக்கும், கடைசி வரி வரைக்கும் விடாம வாசிச்சு, இதுல ஒத்தப் பைசா குறையாது, எங்க மச்சான் அப்படிப்பட்டவர் இல்லன்னும் சொன்னேன்.

சொல்லிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஒரு கடப்பாரை சத்தம் இல்ல. குழிக்குள்ள நின்னுக்கிட்டு அத்தனை பேரும் என்னையே பாக்குறாக. மாமனாரு அதையெல்லாம் கவனிக்கல. ஆளுக்கொரு சாத்துக்குடி குடுத்தாரு. எனக்கு ரெண்டு.

மறுநாள் காலைல பலகையை ஊனிட்டு வாங்கப்பான்னு கூப்பிடுறேன், ஒருத்தரும் வரல. வேலை நிறுத்தம்னு நினைக்காதீக. அது பண்ணிருந்தாக்கூடப் பேசித் தீத்திருப்போம். வேலைக்கு வந்துட்டாக. குழி வெட்டுறாக, எப்பவும் போல நேரா வெட்டுறாக. போட்டோவுக்கு மட்டும் வரமாட்டோம்ங்கிறாக. அஞ்சலைன்னு ஒரு அம்மா, மண்ணு அள்ளுறது, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாது, அது சொல்லுது: "பலகையில இருக்கிறது கைக்கு வரட்டும் தம்பி, அப்புறம் பலகைக்குப் பின்னால நிக்கிறோம். சும்மா நிக்கக் கூச்சமா இருக்கு." ஏழுமலையோ குனிஞ்ச தலை நிமிராம வெட்டுறான். கண்ணு கலங்கிப் போய் இருக்கான். கூலி நெசம் இல்லன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். உள்ளதைச் சொன்னவன் பொய்யன் ஆயிருவான். நெசமாக்கணும், வேற வழி இல்ல. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா மச்சான் பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.

மச்சான் லேசுப்பட்ட ஆளா? ஆளு இல்லாட்டி என்னடா, நம்ம ஆளுகளை நிப்பாட்டுன்னாக. மச்சானோட தம்பி, பெரியப்பா மகன், கடைசியில ஆளு பத்தலன்னு எங்க அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டாக. அக்காவுக்கு ஆரஞ்சு கலர்ல அந்தச் சட்டை, தலையில தொப்பி, கையில கடப்பாரை. கழுத்துல இரட்டை வடச் சங்கிலி. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு எடுக்குறேன். மேல இருந்து திருப்பி அனுப்பிட்டான். நேத்து வரைக்கும் இருந்த ஆளுக எங்க, இவுக யாருன்னு கேக்குறான். பில்லு அப்படியே நின்னுபோச்சு.

அன்னைக்கு ஒண்ணு கவனிச்சேன். எல்லாரும் வந்து நின்னாக, எடுத்தாச்சா எடுத்தாச்சான்னு ஓடிட்டாக. அக்கா மட்டும் தொப்பியோட முன்னால வந்து நின்னு பலகையைப் படிச்சுச்சு. முழுசாப் படிச்சுச்சு, கடைசி வரைக்கும். படிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. என்னக்கான்னேன். ஒண்ணுமில்ல, சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. அக்காவுக்கு எம்மேல அம்புட்டுப் பாசம்.

பில்லு நின்னா மச்சான் என்ன செய்வாக. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடுத்தாக. அதுவும் கையில இல்ல, பாங்குல போடணும்னு ஆளுக நின்னுட்டாக. ஒரு சனிக்கிழமை சாயந்திரம், குழி நெடுக ஒவ்வொரு போனா டிங்கு டிங்குன்னு அடிச்சுச்சு பாருங்க, நான் குழியோரமா நடந்துக்கிட்டே கேட்டேன். ஏழுமலை அந்தக் கீறல் போனை ஏந்தி ஏந்திப் பாக்குறான். உடனே மாமனாருக்கு மெசேஜைத் தள்ளிவிட்டான். ஆவணியில கல்யாணம். பத்திரிகையில எம்பேரு போடுறேங்கிறான். மச்சான் பேரை விட்டுட்டான். நன்றி கெட்ட பயலுகன்னு மச்சான் இன்னைக்கும் திட்டிக்கிட்டுத்தான் இருக்காக. நானும் கூடச் சேந்து ஒரு வார்த்தை திட்டுவேன். மனசுக்குள்ள அந்த டிங்குச் சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற.

எனக்கா? எனக்கு என்னண்ணே சம்பளம். நான் வீட்டாளு. அக்கா வீட்டுலதான் இருக்கேன், அங்கதான் சாப்பாடு. வண்டிக்குப் பெட்ரோல் மச்சானே அடிச்சுவிடுவாக. தீபாவளிக்கு வேட்டி சட்டை. செலவுக்கு வேணும்னா கேட்டா குடுப்பாக, எதுக்குன்னு மட்டும் கேப்பாக. மத்தது எல்லாம் என் பேர்ல சேத்து வச்சிருக்கிறதா அக்காகிட்டச் சொல்லியிருக்காக. சொந்தத்துக்குள்ள எவ்வளவு சேந்துருக்குன்னு கேக்க முடியுமா? அசிங்கமா இருக்காது?

என்னண்ணே பாக்குறீக. ஏழுமலையும் இப்படித்தான் பாத்தான்.

சரி, புதுச் சட்டைக்கு வாரேன். அன்னைக்கு நான் டீக்கடையில வாசிச்சேன்ல, அதை ராமுத்தாய் அக்கா வடை போட்டுக்கிட்டே கேட்டிருக்கு. ரெண்டு நாளு கழிச்சு டீயைக் குடுத்துட்டுக் கேக்குது: "ஏப்பா, கடைசியில மேற்பார்வையாளர்னு ஒண்ணு வாசிச்சியே, அது யாரு, நீயா?" ஆமாக்கான்னேன். "அம்புட்டுச் சம்பளம் வாங்கிக்கிட்டா இன்னும் கல்யாணம் பண்ணாம இருக்க?" நான் சிரிச்சு வச்சேன். அதுக்கு அண்ணன் மகள் ஒண்ணு இருக்காம். தையல் கடை வச்சிருக்கு, பேரு செண்பகவல்லி. விசாரிச்சா நமக்கு முறைதான் வருது. போட்டோ காட்டுச்சு. அண்ணே, நெசமாச் சொல்றேன், அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. எனக்கு முப்பத்தாறு ஆச்சு. இதுக்கு முன்னால பாத்த வீட்டுல எல்லாம் மச்சான் வீட்டுல இருக்குற பையன்னு சொன்னதுமே காப்பியோட அனுப்பிருவாக. இதுதான் மொதத் தடவையா பொண்ணு வீட்டுக்காரக தானா வாங்கன்னு சொன்னது.

ராமுத்தாய் அக்கா நேரா எங்க வீட்டுக்கே வந்து பேசுச்சு. மச்சானுக்கு முன்னாலயே, 'உங்க மச்சினனுக்குத்தான் அரசாங்க ரேட்டு வருதே, அப்புறம் என்ன'ன்னு சொல்லுச்சு. மச்சானுக்குக் காப்பி புரை ஏறிருச்சு. எங்க அக்கா போய் முதுகைத் தட்டுச்சு. கொஞ்சம் பலமாத்தான் தட்டுச்சு.

அதுக்கு மறுநாளுதான் மச்சான் எங்கிட்டச் சொன்னாக. "டேய் வழிவிட்டான், அந்தப் பலகையைக் கமுதிக்குக் கொண்டுபோயி கடைசி வரியை அழிச்சுட்டு வா. சும்மா இடத்தை அடைக்குது. அதுல பாதுகாப்பே முதன்மைன்னு எழுதச் சொல்லு." சரிங்க மச்சான்னேன். மச்சானுக்குப் பாதுகாப்புல எப்பவும் ஒரு கண்ணு. அதான் கொண்டு போறேன்.

பொண்ணு பாக்குறதும் இன்னைக்கேதான். மொதல்ல பெயின்டரைப் பாத்துட்டு, பலகையை அங்க போட்டுட்டு, கையை வீசிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போகலாம்னு இருந்தேன். அக்காதான் விடல. பலகையில சேலையைச் சுத்தி அதுவே முடிச்சுப் போட்டுச்சு. "பெயின்டரு எங்கயும் ஓடிரமாட்டான். பொண்ணு வீட்டுக்கு மொதல்ல போ. பலகையோடயே போ," அப்படின்னு சொல்லிட்டு இந்தச் சட்டையைக் குடுத்துச்சு. அக்காவுக்கு நல்ல நேரம் தாண்டிறக் கூடாது. அதுல ரொம்பக் கண்டிப்பு.

ஆனா ஒரு சிக்கல் இருக்குண்ணே. யார்கிட்டயும் சொல்லல, நீங்க எறங்கிப் போயிருவீக, அதனால சொல்றேன். ஏழுமலை மாமனாரு மெசேஜைப் பாத்துப் பூரிச்ச கதையை ராமுத்தாய் அக்கா அதோட அண்ணன்கிட்ட, அதான் பொண்ணோட அப்பாகிட்டச் சொல்லிருச்சு. இப்ப அவுகளும் பாங்கு மெசேஜைப் பாக்கணும்ங்கிறாக. மாப்பிள்ளை ஒருவாட்டி போனைக் காட்டட்டும், போதும்ங்கிறாக. எம்போன்ல என்ன மெசேஜ் இருக்கு? ரீசார்ஜ் முடியப் போகுதுங்கிற மெசேஜ்தான் இருக்கு. இல்லன்னு சொன்னா வழக்கம் போலக் காப்பிதான்.

ஏழுமலை, 'எம்போனைக் கொண்டு போங்கண்ணா'ங்கிறான். பேரு ஏழுமலைன்னு வருமேடான்னேன், 'கீறல்ல தெரியாதுங்கண்ணா'ங்கிறான். அவன் நல்ல மனசு அது. அப்புறம் இன்னொண்ணும் சொன்னான் பாருங்க, அதுதான் எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "நாங்க போட்டோவுக்கு நிக்காததாலதான குடுத்தாங்க. நீங்க போட்டோ எடுக்காம இருந்து பாருங்களேன்." நான் அவனைச் சத்தம் போட்டுட்டேன். சொந்தத்துக்குள்ள அப்படிச் செய்யலாமாடா? மச்சான் எனக்குக் கெடுதல் நினைப்பாகளா? ரெண்டு நாளா அவன்கிட்டப் பேசல.

பேசலையே தவிர, நேத்து போட்டோ எடுக்கும்போது ஒரு கூத்து. போனைத் தூக்கிப் புடிச்சு எல்லாரும் தெரியிறாகளான்னு பாக்குறேன். பலகை தெரியுது. நாலு மாசமா தினமும் இதே பலகையை இந்தப் போனுக்குள்ள பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கு வாய் விட்டு வாசிக்கவும் செஞ்சேன். நேத்துதான் அந்தக் கடைசி வரியில கண்ணு போய் நின்னுச்சு. அஞ்சலை அம்மா, என்ன தம்பி எடுக்கலையான்னு கேட்டுச்சு. வெளிச்சம் சரியில்லம்மான்னு சொன்னேன். நல்ல வெளிச்சந்தான் அடிச்சுச்சு.

வந்துருச்சா? இதுதானா ஸ்டாப்பு? நல்ல வேளை சொன்னீக. அந்த முனையைக் கொஞ்சம் தூக்குங்க. தலை தலை, பாத்து. எறங்கிட்டேன், எறங்கிட்டேன்.

அண்ணே, சன்னல்கிட்ட வாங்க, ஒரு ஒத்தாசை. உங்க போனை எடுங்களேன். டிரைவரண்ணே, ஒரு நிமிசம், அரசாங்க வேலை. சேலையை உருவிட்டேன். பின்னால நிக்கட்டுமா, பக்கத்துல நிக்கட்டுமா? எடுத்தே பழகிட்டேன், எப்படி நிக்கிறதுன்னு தெரியல. பக்கத்துலயே நிக்கிறேன். கையி கடைசி வரியை மறைக்குதா? இப்பச் சரியா? எடுங்க.

விழுந்துச்சா? அந்தக் கடைசி வரியை மட்டும் பெருசு பண்ணி வாசிங்க. சத்தமா வாசிங்க, வண்டி உறுமுது.

ஆமாண்ணே, அது நான்தான்.

நம்பரு சொல்றேன், அனுப்பி விட்டுருங்க. எனக்கில்ல, எங்க மச்சானுக்கு.